சான்றுப்பொருள்

நேற்று இதே நேரம் ஃபோனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து
தம்பி கெம்பராஜுக்குக் கறி ஊறவைக்கச் சொன்னேன்.
அஞ்செட்டியில் பகல் பன்னிரண்டரை.
நியூசிலாந்தில் அவனுக்கு ராத்திரி ஏழு மணி,
ஜன்னலுக்கு வெளியே மழை.

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.
எலும்போடு நாலு துண்டு, எலும்பில்லாமல் ரெண்டு.
மேலே ஒட்டிய சீட்டில்
மான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம்,
எடை, விலை, எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும்,
பக்கத்தில் கோடு கோடாக ஒரு கட்டம்.
அதைக் காட்டினால் மிஷின் பீப் என்கிறதாம்.
அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான்க்கா, பை வேணுமான்னு கேட்டாங்க.

புளி இங்கிருந்து கொண்டுபோனது இருக்கிறதா,
நெல்லிக்காய் அளவு கரை, திக்காக.
பூண்டு, இஞ்சி, மிளகை ஒன்றிரண்டாய் இடி.
கடலெண்ணெயைத் தாராளமாக ஊற்று,
கொழுப்பே இல்லாத கறி, ஓடித் திரிந்த தொடை.
ஓடலக்கா, வேலிக்குள்ள வளர்த்தது.
இருந்தாலும் ஊற்று.
உப்பை மட்டும் நாளைக்குப் போடு,
இப்போதே போட்டால் தண்ணி விட்டுவிடும்.

எல்லாம் ஆட்டுக்குச் சொல்வதுதான்.
இந்தக் கறிக்கு மசாலா எனக்குத் தெரியாது.
எங்கள் வீட்டில் அதற்கு மசாலா கிடையாது.
பூண்டு வதக்கினால் தெருவுக்கே தெரியும்.
கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கில் துணி திணித்து,
வெறும் தண்ணியில் உப்புப் போட்டு அவிப்பாள் அம்மா.
பக்கத்து அடுப்பில்
தின்ன ஆளில்லாத கருவாடு கருகிக்கொண்டிருக்கும்,
இந்த வாசனையை அந்த வாசனையால் மூட.
கெம்பனுக்கு அப்போது மூன்று வயது.
மெல்லும்போதும் அவன் வாயைப் பொத்தியிருந்தேன்.

ஒரு தடவை கருவாடு இல்லை.

இரண்டு கிலோ, சாட்சி மூன்று பேர்,
அப்பாவுக்குப் பதினோரு வருடம் வாய்தா,
தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் போக வர,
நடுவில் ஏழு மாதம் சேலம் ஜெயில்.
மகஜரில் கடைசி வரி:
அலுமினியக் குண்டான் ஒன்று, மூடியுடன்.
ஊரில் எதுவும் தராமல்
அம்மாவுக்குத் தாய்வீடு தந்த ஒரே பாத்திரம்.
வழக்கு முடிந்தும் அது வரவில்லை.
கேட்க யாரும் போகவில்லை.

இன்று அழைத்தபோது நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.
கறி கறுத்துப் பளபளவென்று இருந்தது.
பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம்தானாம்,
உள்ளே சிவப்பு இருக்கணுமாம்,
இறக்கியதும் அஞ்சு நிமிஷம் ஓய்வு கொடுக்கணுமாம்.
யாருக்கு?
கறிக்குக்கா.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளறைக் கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.
நேற்றும் எல்லாம் காதில் விழுந்திருக்கும்.
எதுவும் கேட்கவில்லை.

கெம்பன் அங்கே ஜன்னலை அகலத் திறந்தான்.
புகை மிஷின் கத்திவிடுமாம், அதற்குப் பயம்,
வேறு பயமில்லை.
கல் காய்ந்ததும்
முதல் துண்டை வைத்தான்.

சொய்ங் என்று எழுந்த சத்தம்
கடல் தாண்டி, ஃபோன் வழியாக,
எங்கள் அடுப்படி முழுக்க நிரம்பியது.

அப்பா எழுந்து வந்தார்.
என்னைப் பார்க்கவில்லை, ஃபோனையும் பார்க்கவில்லை.
பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.
ஜன்னலை இழுத்தார்.
கொடியில் கிடந்த என் பழைய துண்டை எடுத்து
மடித்து
இடுக்கில் திணித்தார், விரலால் அழுத்தி, ஓரம் ஓரமாக.

அக்கா, புகையடிக்குது, தெரியுதா என்றான் கெம்பன்.
தெரியுது என்றேன்.
என் களி அடிப்பிடித்திருந்தது.
அந்த வாசனை போக வழியில்லாமல்
சாயங்காலம் வரை வீட்டுக்குள்ளேயே இருந்தது.