கோபத்தோடு படுக்கக் கூடாது

எங்கள் கல்யாண விருந்தில்
ஞானத்தந்தை யெர்கோ எழுந்து நின்றார்.
கையில் ஒயின், மீசையில் ஆட்டுக்கொழுப்பு.
"ஒன்றே ஒன்று சொல்கிறேன் பிள்ளைகளே,
கோபத்தோடு மட்டும் படுக்கப் போகாதீர்கள்."
புந்தா அரேனாஸில் பாதி ஊர் கைதட்டியது.
யாரோ அதைப் பலகையில் செதுக்கியே கொண்டுவந்து
கட்டிலின் தலைமாட்டில் அறைந்துவிட்டார்கள்.

வருடத்தில் ஒன்பது மாதம்
கடலில் கிடக்கிற மனிதர் அவர் என்பது
அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

எலிசெயோவும் நானும் சொன்னபடி கேட்டோம்.
பத்து மணிக்கு அது எரிவாயு பில்தான்.
பதினொன்றுக்கு அவனுடைய அக்கா.
நள்ளிரவில், என்றைக்கோ நான் பதில் போடாத கடிதம்.
ஒன்றரைக்கு
எதில் தொடங்கினோம் என்று இருவருக்குமே தெரியாது,
ஆனாலும் முடித்தாக வேண்டும்.
கண்ணெல்லாம் மணல்.
வெளியே காற்று தகரக் கூரையைப் பெயர்க்கப் பார்க்கும்.
ஒருவர் தலை சாய்ந்தால் மற்றவர் உலுக்குவோம்:
"தூங்காதே, இன்னும் சமாதானம் ஆகவில்லை."

சிரிக்கலாம். நானே இப்போது சிரிக்கிறேன்.

ஆனால் மூன்று மணிக்கென்றே சில சொற்கள் இருக்கின்றன.
பகலில் அவை தலைகாட்டுவதில்லை.
வயிற்றிலேயே நின்றுபோன எங்கள் குழந்தைக்கு
"நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை ஸ்லாவ்கா" என்றான்.
தூங்கியிருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.
தூங்கியிருந்தால் நானும்
அவன் அப்பாவைப் பற்றி அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.
பிறகு மன்னிப்புக் கேட்டோம், கட்டிக்கொண்டோம்.
விதிப்படி, கோபமில்லாமல் படுத்தோம்.
நான்கு மணிக்கு அலாரம் அடித்தது.

எனக்கு வேலை ரொட்டிக்கடையில்.
விடாமல் பிசைந்தால் மாவு ரப்பராகிவிடும்,
ஈரத்துணியால் மூடிவிட்டு விலகிப் போய்விட வேண்டும்.
கைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி
வாய்க்கு வந்துசேர ஒன்பது வருடம்.

ஓர் ஆகஸ்டு, சனிக்கிழமை ராத்திரி.
துறைமுகத்தில் எவனுக்கோ இவன் கொடுத்த கடன்,
அதைப் பற்றிய சண்டை பாதியில் இருக்கும்போது
மின்சாரம் போயிற்று.
இருட்டில் அவன் முகம் இல்லை.
முகமில்லாமல் யாரோடு மல்லுக்கட்டுவது?
"எனக்கு உன்மேல் கோபம்" என்றேன்,
"நல்ல கோபம். நான் தூங்கப் போகிறேன்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"எனக்கும்தான்" என்று
போர்வையைத் தன் பக்கம் இழுத்தான்.
நான் என் பக்கம் இழுத்தேன்.

விடிந்தபோது கோபம் போய்விடவில்லை.
அடுப்போரம் காயவைத்த பூட்ஸ்போல
அங்கேயேதான் இருந்தது.
வெளிச்சத்தில் பார்த்தால்
எது யாருடையது, எது எந்தக் காலுக்கு என்று தெரிந்தது.
முப்பதாயிரம் பெசோ. அவ்வளவுதான்.
காப்பி ஆறுவதற்குள் பேசி முடித்தோம்.

மூன்று மணிக்குச் சொன்னவை மட்டும் ஆறவில்லை.
அவை இன்னும் நடுவீட்டில்தான் கிடக்கின்றன.
காலில் இடறாமல் சுற்றிப் போகப் பழகிவிட்டோம்.

போன கோடையில் யெர்கோ ஓய்வுபெற்றுக்
கரைக்கு நிரந்தரமாக வந்தார்.
இரண்டாம் மாதம் ஒருநாள்
வாசலில் நின்று, தொப்பியைக் கையில் சுழற்றியபடி,
உங்களிடம் உபரியாக மெத்தை ஏதும் உண்டா என்றார்.

கொடுத்தோம்.
கூடவே பலகையையும் கழற்றப் போனான் எலிசெயோ.
நான்தான் தடுத்தேன்.
தெற்குக் காற்று கிளம்பினால்
படுக்கையறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க
அந்த நீளத்தில் வேறு கட்டை இல்லை.