மறைவுக் கணக்கு

மணி மூணே கால். சிற்றாறு.
எதிர்ச்சரிவில் விஜிலாவின் நெற்றிவிளக்கு
அணைகிறது, எரிகிறது, அணைகிறது.
அணையவில்லை, மரம் மறைக்கிறது.
ஒரு மறைவுக்கு ஒரு ரப்பர் மரம்.
அவள் எத்தனை வெட்டினாள் என்று
இருட்டில் நான் இப்படித்தான் எண்ணுவேன்.

இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள்
கும்ப ராசிப் பக்கம்,
நாற்பது ஒளியாண்டு தள்ளி.
ஒரு சிவந்த, சின்ன நட்சத்திரம்
மங்கித் தெளிந்தது.
மங்கல் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது.
பிரித்து அடுக்கிப் பார்த்தால்
ஏழு கோள்கள்.

பால் வடியக் காத்திருக்கும் நேரத்தில்
போனில் படித்து அவளுக்குச் சொன்னேன்.
நட்சத்திரம் டிராப்பிஸ்ட் ஒன்று.
கோள்களுக்கு பி, சி, டி என்று ஹெச் வரை.
"ஏ லீவா?" என்றாள்.

உள்வட்டத்து பி-க்கு
ஒன்றரை நாளில் வருஷம் முடிகிறது.
நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறோம்.
இந்த மரத்துக்கு நான் திரும்பி வருவதற்குள்
அங்கே ஒரு கிறிஸ்துமஸ் கழிந்திருக்கும்.
"அப்போ போனஸு?"

ஏழும் ஒரே முகத்தைத்தான்
நட்சத்திரத்துக்குக் காட்டுமாம், அப்படிக் கணிக்கிறார்கள்.
ஒரு பக்கம் விடிவதே இல்லை.
மறுபக்கம் இருட்டுவதே இல்லை.
இதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை.
வெட்டுப்பட்டையைத் தொட்டாள்,
ஆறு வருஷமாய்க் கத்தி இறங்கிய பக்கம்.
மரத்தைக் கட்டிக்கொள்வதுபோல்
பின்னால் கைவிட்டுத் தடவினாள்,
கத்தி அறியாத பக்கம்.
இரண்டுக்கும் நடுவே செங்குத்தாய் ஒரு கோடு.
"ஆளிருந்தா இங்கதான் வீடு கட்டுவாவ"
என்றாள், விரலைக் கோட்டில் வைத்து.

இன்றைக்கு எட்டும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது
இச்சரிவில் வேறு மரம், வேறு கத்தி.
விஜிலா ஒரு வயசுப் பிள்ளை.

இன்று
முப்பத்தொன்றாவது மரத்தில் மறைந்தவள்
வெளிப்படவில்லை.
பத்து எண்ணினேன்.
இருபது.
வானத்தில் என்றால் புதுக்கோள் என்று
கைதட்டுவார்கள்.
இங்கே பாம்பு, பன்றி,
மழைக்கு வழுக்கும் சரிவு.

"எட்டீ விஜிலா!"

குரல் ஓடையைத் தாண்டிப் போய்த்
திரும்ப நேரமெடுத்தது.
"வெளக்க அணச்சிருக்கேன். நீயும் அணை."

அணைத்தேன்.
இலைகளுக்கு நடுவே
முறம் அகலத்தில் கொஞ்சம் வானம்.
"அதுல எது?"
"கண்ணுக்குத் தெரியாது பிள்ளே."
"இருக்கட்டும்."

சிரட்டையில் பால் சொட்டுவது
அப்போதுதான் காதில் விழுந்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
கீழேயிருந்து மேஸ்திரியின் டார்ச்
மேடேறி வந்தது.

எதிரே விளக்கு எரிந்தது.
நகர்ந்தது. மறைந்தது.
முப்பத்திரண்டு.