நான்கு அங்குல அனுமதி

அதிபர் அவர்களுக்கு, தாழ்மையுடன்,
என்று தொடங்கி மகள்தான் எழுதினாள்.
"உலோகம் கண்டறியும் கருவி" அவள் கண்டுபிடித்த சொல்.
நான் சொன்னது பீப் அடிக்கிற கம்பி.

விளையாட்டுப் போட்டியன்று தாய்மார் சங்கீதக் கதிரை.
கடைசி மூன்று பேரில் நானும்.
பாட்டு நின்றது, கதிரை சரிந்தது, நான் சேற்றில்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்,
லயத்துக்கு வந்து முகம் கழுவும்வரை.

வலது காதில் இருந்தது.
இடது காதில் ஓட்டை மட்டும்.

அடகுக் கடையில் பதினான்கு மாதம் கிடந்து
முந்தின வெள்ளிக்கிழமைதான் மீண்ட தோடு.
வட்டி கட்டிக் கட்டி
அதன் விலை எனக்கே மறந்துவிட்டது.

தம்பி லோகேஸ்வரன் கொழும்பில்
ஹோட்டல் வாசலில் நிற்கிறான்,
வருகிறவர்களின் இடுப்பைக் கம்பியால் தடவுவான்.
சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றான்,
ஞாயிறு இரவு ரயிலில் திரும்பிப் போயாக வேண்டும்,
அதற்குள் கேட்டு வை.

கேட்டேன்.
பிள்ளைகள் என் பொறுப்பு, நிலம் வலயத்தின் பொறுப்பு
என்றார் அதிபர்.
கட்டடம் எங்களுடையது,
மைதானம் இன்னும் தோட்டத்தின் பெயரில்
என்றது வலயக் கல்விப் பணிமனை.
துரை வரைபடத்தை விரித்து
பென்சிலால் ஒரு கோட்டைத் தொட்டார்.
கோல் போஸ்ட் ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம்,
மற்றது இந்தப் பக்கம்.
"நீ எந்தப் பக்கம் விழுந்தாய்?"

விழும்போது யார் பார்த்தார்கள்.

அந்த நாளுக்கு எனக்கு அரைப்பேர்.
பொலிசுக்குப் போன நாளுக்கு அதுவும் இல்லை.
சார்ஜன் மேலும் கீழும் பார்த்து
"நிதானயக்த?" என்றார்.
ஆமாம் சார், நிதானமாகத்தான் தேடுவேன் என்றேன்.
பெண் கொன்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொண்டு
புதையலா என்று கேட்கிறார் அக்கா என்றாள்.
காதைக் காட்டினேன்.
முத்திரை குத்தினார்.

வெள்ளி பின்னேரம் கடிதம் வந்தது.
நான்கு அங்குலத்துக்கு மேல் தோண்டலாகாது.
தோண்டிய இடத்தைப் புல்லோடு மூடவேண்டும்.
கிடைக்கும் பொருள் யாவும்
உரிமை நிரூபிக்கப்படும்வரை பாடசாலைக்கே.
மழையெனில் ஒத்திவைக்கப்படும்.

மழைதான்.
பொகவந்தலாவையில் மழைக்கு எந்தப் பணிமனையில் விண்ணப்பிப்பது?
ஞாயிறு பத்து மணிக்குத்தான் வெளுத்தது.

லோகேஸ்வரன் பழக்கதோஷத்தில்
புல்லுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தடவினான்.
பீப். சோடா மூடி.
பீப். சோடா மூடி.
கூடாரம் அடித்த ஆணி, பாதிக் கத்தரிக்கோல்,
இரண்டு ரூபாய்க் குற்றி, மறுபடி சோடா மூடி.
பிள்ளைகள் பின்னாலேயே வந்து
வாயால் பீப் அடித்து ஏமாற்றினார்கள்.
அவனும் மூன்று முறை ஏமாந்தான்.

நாலரைக்கு, நீளம் பாயும் மணற்குழிக்குப் பக்கத்தில்,
ஒரு தோடு.
சேலைத் தலைப்பில் துடைத்தேன்.
அதிபர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.
"உங்களுடையதுதானே, கோகிலவாணி?"

கடிதத்தில் எல்லாம் இருந்தது,
இதற்கு மட்டும் ஒரு வரி இல்லை.
என்னுடையது ஏழு கல்.
இதில் ஐந்து.
இன்னொரு முறை எண்ணினேன்.
மகள் பக்கத்தில் நின்றாள்,
அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

பதிவேட்டில் நானே எழுதினேன்:
தோடு, ஒற்றை. ஐந்து கல். திருகாணி இல்லை.
உரியவர் என்ற இடத்தை
வெறுமையாக விட்டேன்.

தம்பி சப்பாத்துப் பெட்டிக்குள் கம்பியைப் போட்டு
பஸ்ஸுக்கு ஓடினான்.
நான் புல்லை மிதித்து மிதித்து மூடினேன்.
யாரோ ஒருத்தி எந்த வருடத்திலோ
இங்கேயே விழுந்திருக்கிறாள்,
சிரித்திருக்கிறாள்,
வீட்டுக்குப் போய் முகம் கழுவியிருக்கிறாள்.
அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

திங்கள் காலை பிரட்டில்
பேர் கூப்பிடக் கூப்பிட
ஒவ்வொருத்தியின் காதையும் பார்த்தேன்.
ஈர்க்குச்சி செருகிய காதுகளை எண்ணத் தொடங்கி
என் பேர் வந்ததைக் கேட்கவில்லை.