நேராப் பாருங்கம்மா

அயனாவரம் இ-சேவை மையத்தில்
என் டோக்கன் நாற்பத்தியொன்று.
பைனாகுலர் போலொரு கறுப்புப் பெட்டியை
என் முகத்தோடு ஒட்டிப் பிடித்து
மூன்றாம் முறையாகச் சொல்கிறான் அந்தப் பையன்:
"நேராப் பாருங்கம்மா."

நேராகத்தான் பார்க்கிறேன், தம்பி.
வலது கண் உன் பெட்டிக்குள்தான் இருக்கிறது.
இடதுதான்
சாயங்காலமானால் சொல்லாமல் கிளம்பிவிடும்
காதுப் பக்கமாக,
ஷிஃப்ட் முடிந்த ஆள் மாதிரி.

பெரம்பூர் மருந்துக்கடையில்
பில் போடும் வேலை, பதினோரு வருஷம்.
"நூத்தியெண்பது ரூபா" என்பேன்.
இரண்டு பேர் பர்ஸைத் திறப்பார்கள்.
"அடுத்து நீங்க" என்றால்
ஒருவரும் நகரமாட்டார்கள்,
அல்லது எல்லோரும் நகர்வார்கள்.
சிலர் தங்கள் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.
அங்கே சத்துமாவு டப்பாவோடு சிரிக்கும்
அட்டைக் குழந்தையைத் தவிர யாருமில்லை.
இப்போதெல்லாம் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன்.
மருந்துச்சீட்டில் இருக்கிறதே.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்
மாத்திரை அட்டை இரண்டாகும்,
பத்து இருபதாகும்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
விரலால் தடவித் தடவி எண்ணுவேன்.
இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை.
முதலாளி குமரகுருவுக்கு
இது தெரியவும் வேண்டாம்.

வெயில் தனி வம்பு.
சித்திரை மதியத்தில், பஸ் ஸ்டாப்பில்,
இடது கண் தானாக மூடிக்கொள்ளும்.
29சி-க்காக எதிரே நின்றிருந்த ஒருவர்
முதலில் திகைத்தார்,
பிறகு சீப்பை எடுத்தார்.
மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றார்
மடிப்புக் கலையாத சட்டையில்.
பாவம்.
வெயிலைப் பார்த்துத்தான் கண்ணடித்தேன் என்று
எப்படிப் போய்ச் சொல்ல?

டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றியிருக்கிறேன்.
வியாசர்பாடி ஜீவாவில்
ரயில் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே எவ்வளவு பள்ளமென்று
கால்தான் எனக்குச் சொல்லும்.
ஊசியில் நூல் கோக்க
மாடிவீட்டு ஜமீலாவின் மகன் வரவேண்டும்.
அவன் தூக்கிப்போட்ட பந்தை
ஒருநாளும் நான் பிடித்ததில்லை.
"ஆன்ட்டி, வேணும்னே விடுறீங்க" என்கிறான்.
அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

"மாறுகண் வந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம்"
என்றார் தரகர்.
வந்தவர்கள் மிக்சரை முடித்துவிட்டு,
அவ்வளவு அதிர்ஷ்டம் எங்களுக்குத் தாங்காது
என்பதுபோல் எழுந்தார்கள்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில்
ஆபரேஷனுக்கு இரண்டு தரம் தேதி கொடுத்தார்கள்.
முதல் தரம் கடையில் லீவு இல்லை.
இரண்டாம் தரம் லீவு இருந்தது.
நான்தான் போகவில்லை.
அதுவரைக்கும் என்று ஒரு பயிற்சி சொன்னார்கள்:
கை நீளத்தில் ஒரு பென்சில்,
முனையை விடாமல் பார்த்தபடி மூக்குக்குக் கொண்டு வா,
இரண்டாய்ப் பிரியும் இடத்தில் நிறுத்து,
திரும்ப முதலிலிருந்து.

"தம்பி, அந்தப் பெட்டியை எடு.
உன் பேனாவைக் கொஞ்சம் கொடு."
காதில் செருகியிருந்ததை உருவிக் கொடுத்தான்.
கடித்த மூடி, நீல முனை.
கொண்டு வருகிறேன்,
வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள்,
திரும்பக் கொண்டு போகிறேன்.
எட்டாம் தடவையோ ஒன்பதாம் தடவையோ
உள்ளே ஒரு நரம்பு முறுக்கேற
வெளியே போனது வந்து உட்கார்ந்தது.
ஒரே பேனா.
ஒரே பையன்,
மேலுதட்டில் இப்போதுதான் முளைக்கிற மீசை.
"வை, வை, சீக்கிரம்!"

பீப்.

பச்சை விளக்கு.
அவன் என்னைவிடப் பெரிதாக மூச்சுவிட்டான்.
ரசீது அச்சாகி வரும் முன்பே
இடது கண் எழுந்து போய்விட்டது.
"அம்பது ரூபாம்மா" என்றவன்
என் முகத்தைப் பார்த்து, சட்டென்று
வாசலைத் திரும்பிப் பார்த்தான்.
"வெளியே மழை வருதா?"

நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூறத் தொடங்கியிருந்தது என்பதும் நிஜம்.