நூற்று முப்பத்தெட்டு வீடுகள்

கடிதம் மூன்று மொழியில் வந்தது.
தமிழ்ப் பக்கம்தான் விளங்கவில்லை.
"அனுமதிப்பத்திரமற்ற சமிக்ஞைப் பரம்பலாக்கல்" என்றிருந்தது.
சிங்களப் பக்கத்தை வாசித்துவிட்டு
மின்சார சபைப் பெடியன் சொன்னான்:
"அக்கா, வயரைக் கழட்டட்டாம்."

பின்னால் ஒரு படிவம்.
கம்ப இலக்கம். கம்பத்துக்குக் கம்பம் தூரம்.
சேவை தொடங்கிய திகதி.
நாங்கள் திரும்பி வந்த வருடம்
பாலிநகரில் கம்பமே இல்லை.
முதல் வயர் ஒரு பாலை மரத்திலிருந்து
தறப்பாள் கொட்டிலின் வளைக்கும்
அங்கிருந்து தண்ணீர்த் தாங்கிக்கும் போனது.
மரத்துக்கு என்ன இலக்கம் போடுவது?
குணசீலன் "1" என்று எழுதினான்.
கட்டணம் என்ற கட்டத்தில்
பூச்சியங்களை எண்ணிப் பார்த்து
பேனையை மூடினான்.

களவுதான், ஒத்துக்கொள்கிறேன்.
ஒரு டிஷ், ஒரு கார்ட், நூற்று முப்பத்தெட்டு வீடு.
மாதம் நானூறு.
தராத வீட்டு வயரை நானே ஏணி வைத்துக் கழட்டினேன்,
நாடகம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்க.
திருமலர் அன்றைக்கு நிறுத்திய கதைதான்.

ஆனால் திரையின் அடியில் ஓடிய வரி எங்களுடையது:
செத்தவீடு, எடுப்பது நாளை பத்துக்கு.
ஓ பொசிற்றிவ் இரத்தம் உடனே தேவை.
நெற்றியில் வெள்ளைச் சுட்டியுள்ள நாகு கன்றைக் காணவில்லை.
குளத்தில் இருபத்திரண்டு அடி, வான் பாயலாம்.
அதற்கும் தனி அனுமதி வேண்டுமாம்,
ஏழாம் பக்கத்தில்.

ஒக்டோபரில் வெட்டினார்கள்.
ஒழுங்காகத்தான், படம் எடுத்து, கையெழுத்து வாங்கி.
கறுப்பு வயர் சுருள் சுருளாக லொறியில் ஏறியது.
விழுந்து கிடந்த துண்டில்
திருமலர் பயிற்றங்கொடி படரவிட்டாள்.
பதினைந்து நாளில் கொழும்புக் கம்பனியின் டிஷ்கள்
கூரைக்குக் கூரை காளான்கள்.
பொய் சொல்லக் கூடாது, கண்ணாடி மாதிரிப் படம்.
நூற்றைம்பது சனல்.
அடியில் ஓடும் வரியில்
கொழும்பில் தங்கம் என்ன விலை என்று வரும்.

மார்கழி, இரவு பதினொன்றரை.
மழைக்கு எல்லா வீட்டுத் திரையிலும் ஒரே நீலம்:
சமிக்ஞை இல்லை.
குளத்து வாச்சர் குணசீலனுக்கு எடுத்தார், பழக்கத்தில்.
"மூண்டு கதவு திறக்கிறம் தம்பி, ஓடவிடு."

ஓடவிட ஒன்றுமில்லை.
பில் புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு
நான் சைக்கிளை எடுத்தேன்.
ஆற்றுப் பக்கம் முப்பத்தொன்றிலிருந்து எழுபது.
படலைகள் எனக்குப் பாடம்.
நாய்களுக்கும் என்னைப் பாடம்.
"இந்த மழைக்குள்ளயும் காசோ?" என்றது நாற்பத்தாறு.

ஐம்பத்திரண்டு.
சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு,
நிலுவை ஆயிரத்து இருநூறு.
திருமலர் ரோச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"தண்ணி வருது" என்றேன்.
கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது.
"கிணத்தடியால போ,
முன்பாதை வழுக்கும்" என்றாள்.