கதைக்காத வயர்

சார்ச் ஏறுகிறது.
திரையின் மூலையில் பச்சைப் பற்றரி
கட்டம் கட்டமாய் நிரம்புகிறது.
லப்டொப் மட்டும்
இப்படியொரு சாமானைத் தன் வாழ்நாளில்
கண்டதேயில்லை என்கிறது.

இரண்டாயிரத்து ஆறில் வாங்கியது, சுகிர்தனுடையது.
முதுகெல்லாம் கீறல். சக்கரத்தில் பிசுபிசுப்பு.
உள்ளே எழுநூற்று நாற்பத்து மூன்று பாட்டு.
எனக்கு வேண்டியது, விடிய
டச்சு பே கரையால் ஓடும்போது
இடுப்பில் கனக்காத ஒன்று.
போன் கனம். அதற்குள் மாமியும் வருவா.

இடது ஓட்டை, வலது ஓட்டை, மாற்றிச் செருகினேன்.
ஊதினேன்.
இரண்டு பொத்தானையும் சேர்த்து அமத்திப் பத்து எண்ண
கறுத்து, கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்தது.
மணிக்கூடு மட்டும்
இரண்டாயிரத்து ஒன்று, தை முதலாம் திகதிக்குப் போய் நின்றது:
சந்திக்குச் சந்தி சைக்கிளால் இறங்கி
உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன வருசம்.
அங்கே அதை விட மனமில்லாமல்
மாதம் மாதமாய்ச் சுழற்றி
இன்றைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

என்.சி. வீதிக் கடையில் ரிஸ்மி
கழற்றக்கூட இல்லை.
வயரைத்தான் விரலால் உருட்டிப் பார்த்தான்.
"இதுக்குள்ள நாலு கம்பி இருக்கோணும் அக்கா.
ரெண்டுதான் இருக்கு.
கரண்ட் போகும். கதை போகாது."
காசும் வாங்கவில்லை.

கரண்ட் போகும், கதை போகாது.
மூன்று நாளாய் எங்கள் வீட்டிலும்
இதே வயர்தான்.
நான் எழும்ப மேசையில் தேத்தண்ணி, மூடி போட்டு.
என் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்திருக்கும்.
அவன் சேட்டு மினுக்கிக் கொளுவியிருக்கும்.
கொழும்புக்கு மாற்றம் கேட்டு
என்னிடம் சொல்லாமல் கடிதம் போட்டவன்.
அவனோடு வேலை செய்பவரின் மனுசி
மீன் சந்தையில், கையில் ஒரு சூரையைத் தூக்கிப் பிடித்தபடி,
"எப்ப வெளிக்கிடுறீங்கள்?" என்று கேட்டா.
சூரை என்ன விலை என்று கேட்டேன் நான்.

இரவு, நாலாவது வயரோடு இருக்கிறேன்.
அவன் வந்தான். பார்த்தான். போனான்.
அறைக்குள் லாச்சிகள் திறந்து மூடுகிற சத்தம்,
ஏதோ விழுகிற சத்தம்.
மஞ்சளித்துப்போன தடித்த வயரொன்று
என் முழங்கையடியில் வைக்கப்பட்டது,
தேத்தண்ணி மாதிரி.

செருகினேன்.
லப்டொப் திடுக்கிட்டு முழித்தது.

பிறகு அந்தக் கேள்வி:
இந்தக் கருவி வேறொரு நூலகத்தோடு இணைந்திருக்கிறது,
பெயர், 'சுகிர்தன் அறை 14'.
இருப்பதெல்லாவற்றையும் அழித்துவிட்டு
இந்த நூலகத்தோடு இணைக்கவா?

அறை பதினாலு எனக்குத் தெரியாது.
வந்தாறுமூலையில் ஏதோ விடுதி.
அந்தக் கொம்பியூட்டர் பழைய இரும்புக்குப் போய்
எத்தனையோ வருசம்.
செத்த பெட்டிக்கு இன்னும்
விசுவாசமாய் இருக்கிறது இது.
என்னுடைய நாற்பது பாட்டும்
வாசலில் வரிசையாய் நிற்கின்றன.

முதுகுப் பக்கம் சவர்க்கார மணம்.
"அழிச்சாலும் பரவாயில்ல" என்றான்.
மூன்று நாளில் முதற்கதை.

"நான் கேட்டிட்டுத்தான் செய்வன்" என்றேன்.

பதிலில்லை.
குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
கொஞ்ச நேரம் நின்றான்.
கதிரையை இழுத்து இருந்தான்.
நான் 'வேண்டாம்' என்பதை அமத்தி
வயரைக் கழற்றினேன்.

விடிய, கடல் இன்னும் சாம்பலாய் இருக்க
அவனுடைய எழுநூற்று நாற்பத்து மூன்றோடு ஓடுகிறேன்.
பாதி எனக்குப் பிடிக்காது.
ஒன்று பாட்டே இல்லை:
யாரோ மேசையில் தாளம் போடுகிறான்,
யாரோ வரியை மறக்கிறான்,
நாலைந்து பேர் சிரிக்கிறார்கள்.
அதில் ஒரு சிரிப்பை எனக்குத் தெரியும்,
இவ்வளவு சத்தமாய்க் கேட்டதில்லை.

கோட்டை வாசலடியில் மானொன்று
அட்டைப்பெட்டியை மென்றபடி
வழிவிடாமல் நிற்கிறது.
சுற்றிக்கொண்டு போகிறேன்.
கொழும்புக் கதை இன்னும் கதைக்கவில்லை.
பற்றரி கால்வாசி இருக்கிறது.