வெற்றுக் குடுவை

புல்வெளியில் சாணக் குழம்பு ஊற்ற
இன்னும் பதினோரு நாள்தான்.
பிறகு குளிர்காலத் தடை.
எம்ஸ்லாந்து முழுக்க டிராக்டர்கள் பறக்கின்றன.

ஹார்ம் ஓல்ட்மன்ஸ் கலக்கியை ஓட்டிவிட்டுக்
கைக்கடிகாரம் பார்க்கிறார்.
"ஒரு மணி நேரமா?"
"ஒரு மணி நேரம்.
மருந்து அடியில் தங்கும். மேலாக மொண்டால்
எல்லோரும் உத்தமர்."
அவர் சிரிக்கவில்லை.
சுவருக்கு அப்பால் ஆயிரத்து இருநூறு பன்றிகள்
எதற்கோ ஒரே நேரத்தில் கத்தி அடங்குகின்றன.

மே மாதத்துக்குப் பிறகு இங்கே
மருந்தென்று ஒரு துளி இறங்கவில்லை என்கிறார்.
பேரேடும் அதையே சொல்கிறது:
கால்நடை மருத்துவரின் கையெழுத்து,
அதன்மேல் ஒரு காபி வட்டம்.

நம்புவது என் வேலை அல்ல.
சந்தேகிப்பதும் அல்ல.
நீளக் கழி, நுனியில் குவளை;
பன்னிரண்டு இடம், மூன்று ஆழம், ஒரே வாளி.
வாளியிலிருந்து பழுப்புக் குடுவைகளுக்கு,
வெளிச்சம் பட்டால் சாட்சி கலைந்துவிடும் என்பதால்.
இடுப்பில் வாயுமானி; அது அலறினால்
எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

கடைசியில் வெற்றுக் குடுவை.
உள்ளே தூய நீர் மட்டும்.
தொட்டியருகே திறந்து, அங்குள்ள காற்றைக் காட்டி,
மூடி எடுத்துப் போவது.
எதுவும் இல்லாததற்கும் ஒரு மாதிரி வேண்டும்.

ஒன்பது நாள்.
உறையவைத்து, உலர்த்தி, பொடித்து,
கால்சியத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் மருந்தைக்
கெஞ்சி அவிழ்த்து, வடித்து.
இரவெல்லாம் ஓடியது கருவி.
காலையில் திரையில் டாக்சிசைக்ளின்:
நானூற்று நாற்பத்தைந்து உடைந்து நானூற்று இருபத்தெட்டு.
எட்டாம் நிமிடத்தில் அப்பழுக்கில்லாத ஒரு கூம்பு.
'பொய்தானே ஓல்ட்மன்ஸ்' என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஒழுங்குக்காக அடுத்த கோப்பைத் திறந்தேன்.
வெற்றுக் குடுவை.
எட்டாம் நிமிடம்.
அதே கூம்பு, சின்னதாக,
தாயின் பின்னால் ஓடிவரும் கடைக்குட்டி போல.

தண்ணீர் மருந்து சாப்பிடாது.

நீர், மூடி, வண்டி, உறைபெட்டி
ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன்.
பிறகு கைகளைப் பார்த்தேன்.

அந்த மாதம்தான் முழங்காலுக்குப் பின்னால் உண்ணிக்கடி,
சிவந்து விரியும் வளையம்.
மூன்று வாரத்துக்கு, தினம் இரண்டு மஞ்சள் மாத்திரை.
முப்பத்தெட்டு வயதிலும் எனக்கு விழுங்க வராது.
பொடித்து ஆப்பிள் கூழில் கலப்பேன்.
அன்று வண்டிக்குள்ளேயே பொடித்தேன்.
வேலை சீக்கிரம் முடியட்டுமென்று
கையுறை மாட்டுமுன்பே
மூடிகளைத் தளர்த்தியும் வைத்தேன்.

யாருடைய ரேகையையோ தேடிப் போய்
என்னுடையதை அளந்திருக்கிறேன்,
மைக்ரோகிராம் கணக்கில்.

கெசினெ நெடுநேரம் திரையைப் பார்த்தாள்.
"தொகுதி முழுக்கக் குப்பை, வீப்கே.
அவரிடம் நீயே சொல்."

தொலைபேசியில் தீவனக் குழாய் கடகடத்தது.
"அப்படியானால் என் தொட்டியில்?"
"தெரியாது. மறுபடி மொள்ள வேண்டும்."
"எதை? நேற்றே எல்லாம் புல்லுக்குப் போயிற்று."
கொஞ்சம் பொறுத்து,
"கால் எப்படி இருக்கிறது?"
வளையம் மறைந்துவிட்டது என்றேன்.

படிவத்தில் அவர் பெயருக்கு எதிரே
எண்ணும் இல்லை, பூஜ்யமும் இல்லை.
ஒரு கோடு.

மிச்சம் நான்கு மாத்திரை.
கழிப்பறையில் நீரை இழுத்துவிடும்போது
கை ஒரு கணம் நிற்கிறது.
இதை யாரும் குவளையோடு வந்து கேட்பதில்லை.